குளிருக்குள்ள சைட்ல நிக்கிறவைக்கு ஹீட்டட் ஜக்கெட் எப்பிடித் தெரிவு செய்யிறது

டிசம்பர் பிறந்தாப் பிறகு ரொறன்ரோ பக்கம் ஃபிரேமிங், ரூஃபிங், கொங்கிறீட் எண்டு வெளியில நிண்டு வேலை செய்யிற எங்கட பெடியள் கேக்கிற முதல் கேள்வி, எந்த ஹீட்டட் ஜக்கெட் (பட்டரியில சூடாகிற ஜக்கெட்) நல்லது எண்டுதான். நான் திருப்பிக் கேக்கிறது, உங்கட ட்ரில் என்ன பிராண்ட்? ஏனெண்டால் சூடு குடுக்கிற இழை கன ஜக்கெட்டில கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான், நாள் முழுக்க தாக்குப் பிடிக்குமோ இல்லையோ எண்டது பட்டரியில இருக்கு. மில்வோக்கி, டிவால்ட், மகிட்டா மூண்டும் தங்கட டூல் பட்டரியிலயே ஓடுற ஜக்கெட் செய்யினம், அதால உங்களிட்ட ஏற்கனவே இருக்கிற டூல் பட்டரி அந்த ஜக்கெட்டுக்குப் பொருந்துமெண்டால் பட்டரியும் சார்ஜரும் கையில இருக்கு, வேற பிராண்டுக்குப் போகத் தேவையில்லை. டூல் பட்டரி இல்லாதவைக்கு 7.4 வோல்ட் சின்னப் பட்டரியோட வாற ஜக்கெட் இருக்கு, மெல்லிசு, பாரமில்லை, ஆனால் அது செத்துப்போனால் அதே கொம்பனிப் பட்டரிதான் தேடி வாங்கவேணும்.

பெட்டியில "10 மணித்தியாலம்" எண்டு பெரிசா எழுதியிருந்தால் அது லோ செட்டிங்குக்கு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. நீங்களே கணக்குப் பாக்கலாம், வோல்ட்டை ஆம்ப் அவரால பெருக்கினால் வாட் அவர் (பட்டரி பிடிக்கிற சக்தி) வரும், 7.4 வோல்ட் 5.2 ஆம்ப் அவர் பட்டரி எண்டால் ஏறக்குறைய 38. ஜக்கெட் ஹையில 12 வாட் இழுத்தால் மூண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், குளிருக்குள்ள லித்தியம் பட்டரி இன்னும் குறைவாத்தான் தரும். எட்டு மணித்தியால ஷிஃப்ட்டுக்கு ரெண்டு பட்டரி வேணும், ரெண்டாவதை ட்ரக்கில விடாமல் உள் பொக்கெட்டில உடம்போட வைச்சிருங்கோ. பூச்சியத்துக்குக் கீழ குளிர்ந்த பட்டரியை அப்பிடியே சார்ஜில போடவே போடாதேங்கோ, உள்ளுக்க நிரந்தரமாப் பழுதாகும், வீட்டுக்குள்ள கொண்டுபோய் அதுவாக் குளிர் போக விட்டிட்டுப் போடுங்கோ. சார்ஜரில சிஎஸ்ஏ, யூஎல் இல்லாட்டி ஈடிஎல் எண்ட பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கோ எண்டும் பாருங்கோ, இரவில வீட்டுக்க செருகி விட்டிட்டு நித்திரை கொள்ளுற சாமான் இது.

இனி காத்து. வெளியில மைனஸ் 20 எண்டு ஃபோன் காட்டும், 30 கிலோமீற்றர் காத்து அடிச்சால் உடம்புக்கு அது மைனஸ் 33, அந்த அளவில மூடாத தோல் 10 தொடக்கம் 30 நிமிசத்துக்குள்ள உறையலாம். காத்து உள்ளுக்க பூருற ஜக்கெட்டுக்கு எத்தினை ஹீட்டர் வைச்சும் பிரயோசனமில்லை, சூடு முழுக்க வெளியிலதான் போகும். அதால நான் எல்லாருக்கும் சொல்லுறது ஜக்கெட்டை விட கையில்லாத ஹீட்டட் வெஸ்ட் வாங்குங்கோ எண்டுதான், அடியில மெரினோ கம்பளி இல்லாட்டி பொலியெஸ்டர் உள்சட்டை (கொட்டன் வேண்டாம், வேர்வையைக் குடிச்சுக்கொண்டு நிண்டு பிறகு உங்களை விறைக்க வைக்கும்), அதுக்கு மேல உடம்போட ஒட்டின வெஸ்ட், அதுக்கு மேல நீங்கள் ஏற்கனவே போடுற காத்து மறைக்கிற வேர்க் ஜக்கெட். கையும் லேசா அசையும். நெஞ்சும் முதுகும் சூடா இருந்தால் உடம்பு விரலுக்கு ரத்தம் அனுப்புறதை அவ்வளவாக் குறைக்காது, அதால விரலுக்கும் அது உதவிதான். காலமை அஞ்சு, பத்து நிமிசம் ஹை, வேலை தொடங்கினவுடன லோ, சுமக்கிற நேரம் ஓஃப், வேர்க்க விட்டால் பிரேக் ரைமில குளிர் ரெண்டு மடங்காத் தெரியும்.

கூரையில ஏறுறவை ஹார்னஸை (விழாமல் பிடிக்கிற பட்டி) மேல போட்டுப் பாக்காமல் வாங்காதேங்கோ. சிலதில பட்டரி பொக்கெட் பின் இடுப்பில இருக்கும், பட்டி சரியா அதுக்கு மேல வரும், குனிஞ்சு நிமிர முதுகில குத்தும், வயரும் நாளடைவில முறியும். முன் பக்கமோ விலாவிலயோ இருக்கிறதுதான் வசதி. ஜக்கெட்டில தொப்பி இருந்தால் ஹார்னஸில பின்னுக்கு இருக்கிற, கயிறு கொளுவுற டி வளையத்தை மறைக்குதோ எண்டும் பாருங்கோ. வாகனம் ஓடுற இடத்தில ஒன்ராறியோ சட்டப்படி ஒரேஞ்ச் நிறமும் முதுகில எக்ஸ் மாதிரி பிரதிபலிக்கிற பட்டியும் எல்லாத்துக்கும் மேல தெரியவேணும், கறுப்பு ஹீட்டட் ஜக்கெட்டுக்கு மேல போட ஒரு சைஸ் பெரிய சேஃப்டி வெஸ்ட் எடுத்து வையுங்கோ.

வெல்டிங், கிரைண்டர், டோர்ச் பிடிக்கிறவை தயவுசெய்து சாதாரண ஹீட்டட் ஜக்கெட்டோட போகாதேங்கோ. நைலோன், பொலியெஸ்டர் உருகித் தோலில ஒட்டும், பக்கத்தில லித்தியம் பட்டரி வேற. எலெக்ட்ரீசியன்மாருக்கும் இதுதான், நெருப்புத் தாங்கும் எண்டு சான்று இருக்கிற உடுப்பு மட்டும்.

ஹீட்டட் கிளவுஸ் வாகனம் மறிக்கச் சைன் பிடிச்சு நிக்கிறவைக்கும் மெஷின் ஓட்டுறவைக்கும் சரி, ஆணி பிடிக்கிற, றீபார் (கொங்கிறீட் கம்பி) கட்டுற கைக்குத் தடிப்புக் கூட, ஒரு சீசனுக்குள்ள கிழிஞ்சிடும். பூட்ஸுக்குள்ள ஹீட்டட் இன்சோல் வைக்கிறதெண்டால் அதை வைச்சு, தடிச்ச சொக்ஸும் போட்டு அளவு பாத்து வாங்கவேணும், இறுகின சப்பாத்து ரத்த ஓட்டத்தை மறிச்சு காலை இன்னும் விறைக்க வைக்கும். வயர் விட பூட்ஸில ஓட்டை போட்டால் பாதுகாப்பு பூட்ஸ் எண்டு காட்டுற சிஎஸ்ஏ பச்சை முக்கோண முத்திரைக்கு அர்த்தமில்லாமல் போயிடும்.

நீரிழிவு இருக்கிற அண்ணைமார் ஒண்டைக் கவனியுங்கோ, காலில உணர்ச்சி குறைஞ்சிருந்தால் சுடுறது தெரியாது, தோலில நேரா வைச்சால் மெல்ல மெல்லப் புண்ணாக்கிவிடும், டொக்டரைக் கேக்காமல் இன்சோல் வேண்டாம். பேஸ்மேக்கர் வைச்சவையும் கேட்டிட்டுத்தான் வாங்கவேணும். ஹீட்டரை ஓட விட்டபடி ட்ரக்கில நித்திரை கொள்ளுறதும் கூடாது.

கழுவேக்க பட்டரியைக் கழட்டி, வயர் முனைக்கு மூடி போட்டு, பொக்கெட் சிப்பை இழுத்துவிட்டு, வலைப் பையில போட்டு குளிர் தண்ணியில மெதுவான சைக்கிள். பிழியாதேங்கோ. ட்ரையரில போடலாமோ எண்டது லேபிளில இருக்கும், இல்லாட்டி தொங்கவிடுங்கோ. ஏப்ரலில எடுத்து வைக்கேக்க பட்டரியை அரைவாசி சார்ஜோட வீட்டுக்குள்ள வையுங்கோ, கராஜில இல்லை.