முந்தின வசனத்தையும் வாசியுங்கள்

எங்கள் சபையில் வாலிபர் வேதபாட வகுப்பை ஆறு வருடமாக நடத்துகிறேன். வேதத்தை ஜெபத்தோடு வாசிக்கும்போது தூங்கி வழிவது, நாள் தவறுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். நான் செய்து நொந்த தவறுகளையே இந்தப் பிள்ளைகளும் செய்வதைப் பார்க்கும்போதுதான் மனசு பதறுகிறது.

வாக்குத்தத்த அட்டையோடு நின்றுவிடுவது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை, அதாவது தேவனுடைய வாக்குறுதியாக ஒரு வசனம் எழுதிய அட்டை, எடுப்போம். நான் வேலை தேடிக்கொண்டிருந்த வருடம் எனக்கு வந்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று வருமே, அந்த வசனம். தினமும் அதை மட்டும் சொல்லி ஜெபித்தேன். எழுதியிருந்த அரசுத் தேர்வில் எனக்கு இடம் உறுதி என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த வேலையைக்கூட அதனாலேயே வேண்டாம் என்றேன். தேர்வு முடிவு வந்தது. என் நம்பர் இல்லை. அப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் வேதத்தைத் திறக்கவே இல்லை. தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்று அவ்வளவு கசப்பு.

சபையில் ஒரு பெரியம்மாதான் கேட்டார்: "அதுக்கு முந்தின வசனத்த வாசிச்சியாப்பா?"

வாசித்ததில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது பத்தாம் வசனம். அந்த அதிகாரமே, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே கண்மூடியிருப்பார்கள். முந்தின அதிகாரத்திலோ அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். அவன் பொய்த் தீர்க்கதரிசி. எரேமியாவின் வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

அதே வசனத்தைப் பூப்படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எரிச்சலாக வருகிறது. அடிமைத்தனத்தில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரியை மட்டும் கத்தரித்து எடுத்தால், அந்த ஜனங்களின் கண்ணீர் எங்கே போகும்?

அட்டை எடுங்கள், தப்பில்லை. அன்றைக்கே அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று பாருங்கள். பிறகு முழங்கால் போடுங்கள். ஜெபமே மாறிவிடும். "எப்போது ஆண்டவரே?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நான், "இந்த ஊரில் நான் எதை நட வேண்டும்?" என்று கேட்க ஆரம்பித்தது அப்படித்தான்.

அதிகாரக் கணக்கு

வேதத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். நல்ல பழக்கம்தான், ஆனால் ஜெபத்தோடு வாசிப்பது வேறு. வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது என்றார் 12ஆம் நூற்றாண்டுத் துறவி குய்கோ. மெல்லுவதற்கு ஆறே வசனமுள்ள 13ஆம் சங்கீதம் ஒரு வாரத்துக்குப் போதும்.

மனசுக்குள்ளேயே வாசிப்பது

வாய்விட்டு வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் "தியானம்" என்று வரும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்றும் பொருள் உண்டு.

அடுத்தவருக்கு வசனம் தேடுவது

"இது அவருக்குத்தான்" என்று தோன்றினால், உங்கள் பெயரைப் போட்டு இன்னொரு முறை வாசியுங்கள்.

செல்போன்

அடுத்த அறையில் இருக்கட்டும்.