முதலில் சூடு, அப்புறம்தான் பால்: தெருவில் கிடைத்த நாய்க்குட்டிகளை வளர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருநாய்கள் வருஷம் முழுக்கக் குட்டி போட்டாலும் மார்கழியிலும் தையிலும்தான் அதிகம் கண்ணில் படும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை இணை சேர்கின்றன, சினைக்காலம் சுமார் 63 நாள். கணக்கு சரியாகப் பனிக்காலத்தில் வந்து நிற்கிறது. பாதி கட்டிய வீட்டின் மணல் குவியலில், மூடிக் கிடக்கும் கடையின் படிக்கு அடியில், ஓடாத ஆட்டோவுக்குக் கீழே என்று கண் திறக்காத குட்டிகள் கிடக்கும். யாராவது மனசு கேட்காமல் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். வந்த முதல் ஒரு மணி நேரத்தில் பாசத்தில் செய்கிற அவசர வேலைகளே பல குட்டிகளை முடித்துவிடுகின்றன.

தாய் இல்லை என்று உடனே முடிவுகட்டுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தூக்கி வரவே வேண்டாத குட்டிகளைத் தூக்கி வருவதுதான். பால் கொடுக்கும் நாய்க்கு அகோரப் பசி எடுக்கும். குட்டிகளை விட்டுவிட்டுத் தெருத்தெருவாக இரை தேடிப் போகும், திரும்பி வர நேரமாகும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துச் சத்தமில்லாமல் தூங்குகின்றன, வயிறு உருண்டையாக இருக்கிறது என்றால் தாய் சற்று முன்புதான் பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஓயாமல் கத்துகிற, வயிறு ஒட்டிய, தொட்டால் சில்லென்று இருக்கிற குட்டிகள்தான் ஆபத்தில் இருப்பவை.

சந்தேகம் என்றால் நன்றாகத் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். பக்கத்திலேயே குந்தியிருந்தால் தாய் வராது. எதிர் டீக்கடையில் கேளுங்கள், ராத்திரி வாட்ச்மேனிடம் கேளுங்கள். எந்த நாய் குட்டி போட்டது, அது வண்டியில் அடிபட்டதா, இல்லை பின் தெருவில் கல்யாண மண்டபத்து இலைகளைத் தேடிப் போயிருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மனுஷக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பார்கள், பொதுவாக அப்படி நடப்பதில்லை. மழைத்தண்ணீர் ஏறுகிற இடமாக இருந்தால் அதன் கண் முன்னாலேயே பக்கத்து மேட்டுக்கு மாற்றி, மேலே ஒரு தகரமோ பிளைவுட் பலகையோ சாய்த்து வைத்தால் போதும்.

செய்ய வேண்டிய பெரிய உதவி, தாய்க்குச் சோறு போடுவது. குட்டிகளுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும்போது பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும். அப்போது தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு தேவை. சோற்றில் வேகவைத்த கோழி ஈரல், எலும்பில்லாத கறி, முட்டை கலந்து இரண்டு வேளை வைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருளைக் குட்டியின் குடல் முதல் ஒரு நாளுக்குள்தான் உறிஞ்ச முடியும். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தாய் செத்துவிட்டது உறுதி என்றால் எல்லாக் குட்டிகளையும் சேர்த்தே எடுங்கள். அழகான ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுப்பது

இதை மட்டும் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ குட்டிகள் பிழைத்திருக்கும். பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிரில் நடுங்கக்கூட அதற்குத் தெரியாது. முதல் இரண்டு மூன்று வாரம் தாயின் வயிறும் கூடப்பிறந்தவையும்தான் அதற்குச் சூடு. உடல் சில்லிட்டால் குடல் இயக்கம் நின்றுபோகும். அந்த நேரத்தில் பாலை ஊற்றினால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிக் கெட்டுப்போகும், அல்லது விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். 'பால் குடிச்சிட்டுத்தான் தூங்கிச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடக்குது' என்று சொல்கிற கதைகளில் பல இப்படி நடந்தவை.

குட்டியைக் கையில் எடுத்ததும் சுண்டுவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவி அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்து, நாக்கு விரலைச் சுற்றி மடிந்து இழுத்துச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் குளிர்ந்து, விரல் சும்மா கிடந்தால் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. அதற்குக் கீழே என்றால் முதல் வேலை சூடேற்றுவது.

அதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வதுதான் எளிய வழி. ஒரு மணி நேரமாவது ஆகும், இரண்டு மூன்றும் ஆகலாம். ஹேர் டிரையரை மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பதும் வெந்நீரில் முக்குவதும் வேண்டாம். துவண்டு கிடந்தால் இடைநேரத்தில் ஒரு துளி குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிவிடலாம். தடவத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது.

பெட்டிக்குள் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து, நான்காம் வாரம் 24 வரை வரலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி வைப்பது நல்ல யோசனை, ராத்திரி அதை மாற்ற எழுந்திருப்பதாக இருந்தால். ஆறிப்போன பாட்டில் குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். குண்டு பல்பைத் தொங்கவிடுகிறவர்கள் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் விட வேண்டும். சூடு தாங்காத குட்டி ஊர்ந்து தப்பிக்க மறுபக்கம் இடம் இருக்கட்டும். குட்டிகள் ஒரே குவியலாக ஏறிப் படுத்துக் கத்தினால் குளிர், ஆளுக்கொரு மூலையில் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் இதைப் பார்த்தே சரிசெய்துவிடலாம்.

கீழே வெறும் செய்தித்தாள் விரிப்பதும் தவறு. அதில் கால் வழுக்கும். நிற்கப் பழகும் நேரத்தில் நான்கு காலும் பக்கவாட்டில் விரிந்து, தவளை மாதிரி கிடக்கும் குட்டிகள் உண்டு. பழைய பருத்திப் போர்வையோ நைந்த பெட்ஷீட்டோ பிடிப்பாக இருக்கும். நூல் பிரிந்து தொங்கினால் வெட்டிவிடுங்கள், விரலில் சுற்றிக்கொள்ளும்.

பசும்பால், பாலாடை, மல்லாக்கப் படுக்கவைத்தல்

பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். 'கெட்டியா கொடுத்தா செரிக்காது' என்பார்கள். விஷயம் நேர்மாறானது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பால் சர்க்கரையான லாக்டோஸ்தான் பசும்பாலில் கூடுதல். தண்ணீர் கலந்தால் ஏற்கெனவே போதாத சத்து இன்னும் குறைகிறது, வயிறு ரொம்பியும் குட்டி மெலிகிறது. ஆட்டுப்பால் உசத்தி என்பதும் நம்பிக்கைதான், லாக்டோஸில் அது பசும்பாலுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தைகளுக்கான செரிலாக்கைக் கரைத்துக் கொடுப்பதும் கண் திறக்காத குட்டிக்குச் சரிப்படாது, அந்த வயதில் தானியம் செரிக்காது. நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கடை இல்லை என்றால், விடியும்வரை சமாளிக்கத் தண்ணீர் கலக்காத பாலில் முட்டை மஞ்சள் கருவை அடித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம்.

எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் உயிர் போகிறது. கைக்குழந்தையைப் போல மடியில் மல்லாக்கப் போட்டு, பாலாடையாலோ சங்காலோ புகட்டக் கூடாது. நாய்க்குட்டி தாயிடம் குப்புறப் படுத்து, கழுத்தைச் சற்று மேலே நீட்டித்தான் குடிக்கிறது. அதே மாதிரி ஒரு துண்டின்மேல் குப்புற வைத்து, முன்கால்கள் எதையாவது அழுத்திப் பிசைய வாகாக விட்டு, நிப்பிளை வாய்க்கு நேராகக் கொடுக்க வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகினால் துவாரம் பெரிது. சிரிஞ்சில் கொடுப்பவர்கள் அவசரத்தில் அழுத்திவிடுவார்கள். மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்திப் பிடித்துத் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மூச்சு கரகரத்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அளவு: ஒரு வேளைக்கு, 100 கிராம் எடைக்கு 4 மில்லி என்பது முதல் வாரத்துக்குப் பாதுகாப்பான கணக்கு. இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியிலும். வீட்டில் இரண்டு பேர் முறை போட்டுக்கொள்ளாமல் இதைத் தாங்க முடியாது. ஆபீஸுக்குப் போகிற தனி ஆள் ஐந்து குட்டிகளை எடுத்து வருவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

கொடுத்து முடித்ததும் படுக்கவைத்துவிடக் கூடாது. முதல் மூன்று வாரம் குட்டிக்குத் தானாக மூத்திரம் போகவோ மலம் கழிக்கவோ வராது, தாய் நக்கிவிட்டால்தான் வரும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிடுங்கள், சில நொடியில் வந்துவிடும். இதைத் தெரியாமல் விட்டு, வயிறு உப்பிக் குட்டி அலறும்போது கிரைப் வாட்டர் தேடுவார்கள்.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எட்டு பத்து நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். எல்லாம் ஒரே நிறம் என்றால் வெவ்வேறு நிறக் கம்பளி நூலைக் கழுத்தில் தளர்வாகக் கட்டி, வாரம் இரண்டு முறை மாற்றிவிடலாம். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றாலே கவனிக்க வேண்டும். இறங்கினால் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கண்ணுக்கு மெலிவு தெரியும்வரை காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய், புழுவுக்கு அலட்சியம்

தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் சின்னக் குட்டியின் ரத்தத்தைக் குடித்தே கொன்றுவிடும், அது உண்மை. அதற்காக மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், பெரிய நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து எதையும் பூசாதீர்கள். தோல் வழியாகவும் நக்குவதாலும் விஷம் ஏறும். மெல்லிய சீப்பால் வாரி, கிடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மீதியை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். நம் வீட்டு மாத்திரை, சிரப் எதையும் தராதீர்கள்.

'பால் குடிக்கிற குட்டிக்கு ஏது புழு?' என்று கேட்கிறவர்கள் நிறைய. உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகிறது, கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வருகிறது. எனவே இரண்டாம் வாரத்திலிருந்தே புழு மருந்து தொடங்கி, எட்டாம் வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், எடைக்குத் தகுந்த அளவில். ஈறு வெளுத்து மலம் தார் போலக் கறுத்திருந்தால் கொக்கிப்புழுவைச் சந்தேகிக்கலாம். குட்டியைத் தொட்ட குழந்தைகள் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, உருண்டைப்புழு மனிதருக்கும் வரும்.

நான்காம் வாரத்தில் பால் பவுடரில் ஊறவைத்த பப்பி உணவைக் குழைத்துத் தட்டில் வைக்கத் தொடங்கலாம். வெறும் தயிர்சாதத்திலும் பிஸ்கட்டிலும் வளர்த்தால் வயிறு ரொம்பும், எலும்பு பலப்படாது.

பார்வோவை வீட்டுக்குள் கூட்டி வருவது

ஐந்து குட்டி ஓரளவு தேறியதும், 'இதையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க' என்று இன்னொரு தெருவின் குட்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். மறுக்கத் தயங்கக் கூடாது. குட்டிக்குக் குட்டி வேகமாகத் தொற்றிக் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்டச் சில நாள் ஆகும். நேற்று துள்ளிய குட்டி இன்று வாந்தியும் ரத்த பேதியுமாகப் படுத்துவிடும், கூடவே எல்லாமும். புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனி அறையில், தனித் தட்டு, தனித் துணியோடு வையுங்கள். தெருவில் நடந்த செருப்பு குட்டிகள் இருக்கும் இடத்துக்கு வரக் கூடாது.

பினாயிலால் இந்த வைரஸ் சாகாது, குட்டிக்குத்தான் கேடு. தரையைச் சோப்பால் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கழுவிக் காய்ந்த பிறகு குட்டிகளை விடலாம். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருந்தால் முதல் ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒன்று போட்டாச்சு என்று தெருவில் இறக்கிவிடாதீர்கள்.

'குட்டிதானே' என்று கடியை விடுவது

குட்டிக்கும் வெறிநோய் வரும். உத்தரப்பிரதேசத்தில் 2025-ல், சாக்கடையில் தத்தளித்த குட்டியைக் காப்பாற்றிய ஒரு கபடி வீரர், அது கடித்ததைச் சின்னக் காயம் என்று விட்டுவிட்டு, சில மாதங்களில் வெறிநோயில் இறந்தார். பல் பட்டுத் தோல் கீறினாலே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம்தான், அதுவரை இந்தக் கவனம் குறையக் கூடாது.

ஒரு மாதத்திலேயே கொடுத்துவிடுவது

கண் திறந்து தத்தித் தத்தி ஓடும் நான்கு வாரக் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் வேண்டும் என்றுதான் தோன்றும். எட்டு வாரம் முடியும்வரை கொடுக்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது கூடப்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. அந்த வாரங்களில் மிக்ஸி சத்தம், காலிங் பெல், குழந்தைகள், தொப்பி போட்ட ஆள் என எல்லாம் பழகட்டும். கேட்கிறவர்கள் வாடகை வீட்டில் இருந்தால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெண் குட்டி என்றால் கருத்தடைக்குப் பொறுப்பு யார் என்பதையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும்.

தாய் உயிரோடு இருந்தால் அதற்கும் கருத்தடை முக்கியம், விட்டால் அடுத்த பருவத்தில் மறுபடி சினை. சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யலாம். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, அறுவை முடிந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். அழைக்கும்போதே குட்டிகளுக்கு எத்தனை வாரம் ஆகிறது, பால் குடி மறந்துவிட்டனவா என்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பால் கொடுக்கும் தாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், குட்டிகள் பட்டினியில் கிடக்கும்.