உங்கள் எம்.பி.யின் வருகை, வாக்கு, சொத்து: நீங்களே பார்ப்பது எப்படி?

ஒரு நோட்டை எடுத்து மேலே தொகுதியின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் வருகை. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் தளத்தில் 'எம்.பி. டிராக்' பகுதிக்குப் போனால் வருகைச் சதவீதம், கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். சதவீதத்தை மட்டும் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள். அது வருகையைப் பதிந்த நாட்களின் கணக்கு; பதிந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பினாலும் அன்றைக்கு வந்ததாகவே ஏறும். அமைச்சர்கள் வருகையைப் பதிவதில்லை, அவர்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

அடுத்து வாக்கு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகின்றன. யார் எந்தப் பக்கம் என்ற பதிவே இருக்காது. ஒவ்வொரு உறுப்பினரின் வாக்கையும் தனித்தனியாக எண்ணும் 'டிவிஷன்' நடந்தால்தான் பெயர்கள் பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அது உறுதியாக நடக்கும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. அன்றைய விவாதத் தொகுப்பை மக்களவைத் தளத்தில் எடுத்து, எம்.பி.க்களின் பெயரைத் தேடிப் பழகுங்கள்.

சரி, இனி முக்கியமான வேலை: வேட்புமனுவோடு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. தேர்தல் ஆணையத் தளத்திலோ இந்தப் பத்திரங்களைத் தொகுத்துத் தரும் 'மைநேதா' தளத்திலோ கிடைக்கும். 2019லும் போட்டியிட்டவர் என்றால் அப்போது கொடுத்ததையும் 2024இல் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தத் தொகை இரண்டு மடங்கானது என்றதும் கொதிக்க வேண்டாம். நிலத்துக்கான கட்டங்களில் சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு என்று தனித்தனியாக இருக்கும். தேதி பழையது என்றால் விலைதான் ஏறியிருக்கிறது. இரண்டு தேர்தலுக்கும் நடுவில் வாங்கியது என்றால் சுற்றி வட்டம் போடுங்கள். அப்புறம் அதே பத்திரத்தில் ஐந்தாண்டு வருமானத்தைப் பாருங்கள். வாங்கும் அளவுக்கு வரவு இருந்ததா? மனைவி அல்லது கணவரின் பத்தியை விட்டுவிடாதீர்கள், பல நேரம் பங்குகளும் தொழிலும் அங்கேதான் இருக்கும். அரசோடு செய்த ஒப்பந்தங்களுக்கும் தனி இடம் உண்டு.

கடைசியாக, அந்தத் தொழில்களையும் பங்குகளையும் நோட்டில் இடப்பக்கம் எழுதி, அவர் அவையில் கேட்ட கேள்விகளை வலப்பக்கம் எழுதுங்கள். ஒரே துறை இரு பக்கமும் வந்தால், சொந்த லாபத்துக்காகக் கேட்டதா என்று பார்க்க அந்தக் கேள்வியையும் அமைச்சரின் பதிலையும் முழுதாகப் படியுங்கள். மாநிலங்களவை உறுப்பினர் என்றால் அவை விதி 293இன்படி, உறுப்பினர்களின் சொந்தப் பொருளாதார நலன்களைக் குறித்துவைக்கும் நலன் பதிவேடு தனியாக உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேளுங்கள்.