கைத்தறிச் சால்வை: கடையில் பார்ப்பதும் வீட்டில் தோய்ப்பதும்

நல்லூர்த் திருவிழா நெருங்கினால் யாழ்ப்பாணத்துத் துணிக்கடைகளில் சால்வை குவிந்துவிடும். இந்தியக் கைத்தறி என்று சொல்லித் தருவதெல்லாம் கைத்தறி இல்லை, நானே இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன். முதன்முதல் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் ஓரத்தைப் பாருங்கள். துணி உள்பக்கம் சுருங்காமல் இருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சி ஒன்றை நெசவாளர் குறுக்கே மாட்டியிருப்பார். கொஞ்சம் நெய்ததும் அதைக் கழற்றி முன்னுக்கு நகர்த்துவார். அந்த ஊசித் துளைகள் இரண்டு ஓரத்திலும் விட்டு விட்டுத் தெரியும். மின்தறியிலும் தடம் விழலாம், ஆனால் அது தையல் மெஷின் ஓடினது போல ஒரே சீராக இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தும்பு தும்பாக நின்றால் யோசிக்கவே வேண்டாம், அது நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) இல்லாத மின்தறி. கைத்தறியில் நாடா போய்த் திரும்பி வருவதால் நூல் ஓரத்தில் மடிந்துதான் நிற்கும்.

அடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். ஊடையை அடித்து நெருக்குவது ஒரு மனிதக் கை. காலையில் அடித்த அடியும் பின்னேரம் களைத்துப்போய் அடித்த அடியும் ஒன்றாக இருக்காது. அதனால் ஓரிடம் நெருக்கமாகவும் ஓரிடம் சற்று இளகலாகவும் இருக்கும். இதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்!

2006 முதல் இந்தியாவில் கைத்தறித் துணிக்கு 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை உண்டு. இருந்தால் நல்லது, இல்லாததால் மட்டும் போலி என்று சொல்ல முடியாது. பருத்திதானா என்று சந்தேகம் வந்தால், வீட்டுக்கு வந்து குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாக இறுகும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. குஜராத்தின் கச்சுப் பகுதியில், புஜோடி போன்ற ஊர்களில், மழையை மட்டும் நம்பி விளையும் கலா பருத்தியிலும் சால்வை நெய்கிறார்கள். அதில் பூ போட வேண்டுமென்றால் தறியை நிறுத்தி நிறுத்தி, கூடுதல் நூலை விரலால் செருக வேண்டும். 2019-20 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் கைத்தறியில் ஏறத்தாழ 35 லட்சம் பேர், அதில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அந்த வேலைக்குப் பேரம் பேச எனக்கு வாய் வருவதில்லை.

சரி, இனித் தோய்ப்பது. ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் எப்போதும் தனி வாளிதான். (சிவப்புக் கரைச் சால்வையை வெள்ளை வேட்டியோடு ஊறப்போட்டு, ரோஸ் வேட்டியோடு கோயிலுக்குப் போனவன் நான்.) பச்சைத் தண்ணியில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணி கலங்கினால் பயப்படாதீர்கள், அது நெய்யும்போது பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) அறாமல் இருக்கப் போட்ட கஞ்சி. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதால் சவர்க்காரம் நுரைக்காமல் துணியில் படிந்துவிடும். மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் அதுதான் திறம், இல்லாவிட்டால் கொஞ்சம் ஷாம்பு போதும்.

முறுக்கிப் பிழியாமல் அமத்தித் தண்ணியை எடுத்து, நிழலில் கொடியில் போடுங்கள். குஞ்சம் சிக்கியிருந்தால் ஈரத்தோடேயே விரலால் பிரித்துவிடுங்கள், காய்ந்த பிறகு உட்கார்ந்தால் ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.