ஸ்கூல் பசங்களுக்கு இலவசமா சாப்பாடும் பாலும் குடுக்கப் போறீங்களா? மொதல்ல இத கவனிங்க

பணம் கூட எப்படியாவது பொரட்டிடலாங்க, தெனமும் சொன்ன நேரத்துக்கு கெட்டுப்போகாம பசங்க கைக்குப் போய் சேரணும் பாருங்க, அங்கதான் நாக்கு தள்ளிடும்.

மெனு அப்புறம், மொதல்ல லிஸ்ட். எத்தன பேரு, என்ன வயசு, யாருக்கு என்ன ஒத்துக்காதுன்னு பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கிருங்க. பால் விஷயத்துல ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க: லாக்டோஸ், அதாவது பால்ல இருக்குற சர்க்கரை, ஒத்துக்கலன்னா வயிறு உப்பும், பேதியாகும், அவ்ளோதான், ஆனா பால் அலர்ஜின்னா ஒரு வாய் குடிச்சாலே மூச்சு திணறி ஆபத்தாயிடலாம். அந்த லிஸ்ட் ஆபீஸ் பீரோல தூங்கக் கூடாது, பரிமாறுறவங்க கைல இருக்கணும்.

பால் பாஸ்சுரைஸ் பண்ணதா, அதாவது சூடு பண்ணி கிருமிய கொன்னதா மட்டும் வாங்குங்க. வந்ததும் ஃபிரிட்ஜுல, 4 டிகிரி பக்கத்துல. ஃபிரிட்ஜ் இல்லையா, யூஎச்டி பாக்கெட் (ரொம்ப அதிக சூட்டுல கிருமிய கொன்னு அடைச்ச பால்) எடுத்துக்கோங்க, பிரிக்காம இருந்தா பாக்கெட்டுல போட்டிருக்குற தேதி வரைக்கும் வெளிய இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. பவுடர்னா கொதிக்க வெச்ச தண்ணில அன்னன்னைக்கு கலக்குங்க, மிச்சத்த நாளைக்குன்னு எடுத்து வெக்காதீங்க. அப்புறம், பால்ல இருக்குற கால்சியம் சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்து ஒடம்புல சேர்றத கொஞ்சம் கொறைக்கும், அதனால பால காலைலயோ இன்டர்வெல்லயோ குடுத்துட்டு சாப்பாட்ட தனியா போடுறது பெட்டர்.

சமைச்சத 60 டிகிரிக்கு மேல சூடாவே வெச்சிருங்க, 5லேர்ந்து 60 வரைக்கும்தான் கிருமிங்க மளமளன்னு பெருகும். திரும்ப சூடு பண்றப்ப அண்டா ஓரத்துல தளதளன்னு கொதிக்கும், நம்மளும் ஆயிடுச்சுன்னு எறக்கிடுவோம், நடுவுல கரண்டி விட்டு பாத்தா வெதுவெதுன்னுதான் இருக்கும். நல்லா கிண்டி விட்டு, தெர்மாமீட்டர அடில படாம நடுவுல விட்டு 75 காட்டுதான்னு பாருங்க. பரிமாறுறதுக்கு முன்னாடி பெரியவங்க ஒருத்தர் சாப்பிட்டு பாக்கணும், சுத்தமான டப்பால கொஞ்சம் எடுத்து ஃபிரிட்ஜுல ரெண்டு நாள் வெச்சிருங்க, யாருக்காவது ஒடம்பு முடியலன்னா டெஸ்ட்டுக்கு குடுக்க அதுதான் இருக்கும்.

இலவசமா சாப்பிடுறவங்களுக்குன்னு தனி வரிச, தனி கலர் டோக்கன் எல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம். பசி இருந்தாலும் வெக்கப்பட்டு வராம போயிடுவாங்க. காசு குடுத்து சாப்பிடுற பசங்களும் இருந்தா கணக்க ஆபீஸ்லயே முடிச்சிட்டு எல்லாருக்கும் ஒரே வரிச, ஒரே தட்டு.

தட்டுல என்ன மிச்சம் வருதுன்னு தெனமும் ஒரு நோட்டுல எழுதுங்க, அடுத்த வாரம் எதோட அளவ கொறைக்கணும், எத மாத்தணும்னு அத பாத்தாலே தெரிஞ்சிடும்.