சென்சர் ரோட்டைப் பார்க்கக் கூடாது: டவர் அலாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு டவர் வளவில் இரண்டு பொடியன்கள், ஆள் நுழைந்தால் அடிக்கிற அலாரம் பூட்டிக்கொண்டு நின்றார்கள். கைவேலை சுத்தம். வயர் எல்லாம் குழாய்க்குள், ஒரு முடிச்சுக்கூட வெளியே தெரியவில்லை. ஆனால் சென்சரின் முகம் மெயின் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. “தம்பி, பஸ் போனாலும் இது அடிக்குமே” என்றேன். “இல்லண்ணே, தூரத்திலேயே பிடிச்சிட்டா நல்லதுதானே” என்றான் ஒருவன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்த நினைப்புத்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, மழைக்குள் பெட்டியைத் திறந்து வைப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. ஒரு தரம் புகை வந்தால் அதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

சென்சரை வேலிக்கு வெளியே பார்க்க விடுவது

நாங்கள் பூட்டுகிற பிஐஆர் சென்சர் எதையும் வெளியே அனுப்புவதில்லை. உடம்பிலிருந்து வருகிற அகச்சிவப்பு வெப்பத்தில் ஏற்படுகிற மாற்றத்தை மட்டும் கவனிக்கிறது. முன்னால் இருக்கிற பால்நிற பிளாஸ்டிக் லென்ஸ், பார்வையை விரித்த கைவிரல்கள் போலப் பல கீற்றுகளாகப் பிரித்துவிடும். ஒருவன் அந்தக் கீற்றுகளைக் குறுக்கே வெட்டி நடந்தால் உடனே பிடிக்கும். ஒரே கீற்றின் வழியே சென்சரை நோக்கி நேராக நடந்து வந்தால் மிகவும் கிட்ட வரும்வரை பேசாமல் இருக்கும். கேட்டுக்கு நேர் எதிரே பூட்டி, கேட்டையும் ரோட்டையும் பார்க்க விட்டால் என்ன நடக்கும்? உள்ளே வருகிறவன் நேராக வருகிறான், பிடிபடுவதில்லை. ரோட்டில் போகிறவன் குறுக்கே போகிறான், அவனுக்கு அலாரம் அடிக்கிறது.

படுவான்கரையில், வவுணதீவுக்கு அங்கால், வயல் நடுவில் ஒரு டவர். அங்கே சென்சர் வேலியைத் தாண்டி மேய்ச்சல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரம் பட்டி மாடு திரும்பும். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குக் கொழும்பில் இருக்கிற கண்ட்ரோல் ரூமில் அலாரம். முதலில் காவலுக்கு இருந்த ஐயாவுக்குப் போன் எடுத்தார்கள். அவர் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து “மாடுதான் மகன்” என்பார். கொஞ்ச நாளில் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் அந்தச் சென்சரின் ஸோனையே பைபாஸ் போட்டுவிட்டார்கள், அதாவது அது என்ன சொன்னாலும் கணக்கில் எடுக்காதபடி வைத்துவிட்டார்கள். போட்டவருக்கு அது ஞாபகம் இல்லை. அடுத்த ஷிப்டுக்கு வந்தவருக்குத் தெரியவே தெரியாது.

ஐயா லீவில் போயிருந்த ஒரு இரவு, டவருக்குக் கீழே இருந்த பெட்டரி முழுவதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலக்கம்பியின் செம்பையும் விடவில்லை.

மறுநாள் நான் போனபோது கேபினட் கதவு திறந்து கிடந்தது. சென்சருக்கு முன்னால் கையை வீசினேன். லென்ஸுக்குப் பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக, இரவு வந்தவர்களையும் அது பார்த்திருக்கிறது. ஆனால் சென்சர்கள் எல்லாம் வந்து சேர்கிற பனலின் பதிவில், பைபாஸ் போட்டதால், அந்த இரவுக்கு ஒரு வரிகூட இல்லை. அறிக்கையில் எழுதியது என்ன தெரியுமா? “சென்சர் பழுது.” புதுசு ஒன்று வாங்கி, அதே இடத்தில், அதே மேய்ச்சல்தரையைப் பார்க்கப் பூட்டினார்கள். பழுதென்று கழற்றியது என் மேசையில் கிடக்கிறது, இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

பொய் அலாரத்தின் நட்டம் போய்ப் பார்க்கிற டீசல் காசில் இல்லை. கேட்கிறவனின் காது மரத்துப்போவதில்தான் இருக்கிறது. லாகுகல, பொத்துவில் பக்கம் போனால் மாட்டுக்குப் பதிலாக யானை. யானையைப் பிடிக்காதபடி சென்சரைச் ‘சரிசெய்ய’ முயன்றவர்களையும் கண்டிருக்கிறேன். யானையே தெரியாத அளவுக்குக் குறைத்தால் மனிதன் எப்படித் தெரிவான்?

செய்ய வேண்டியது இதுதான். சென்சரை வளவின் ஒரு மூலையில் பூட்டி, முகத்தைக் கீழே சாய்த்து, அதன் பார்வை வேலிக்கு உள்ளேயே நிலத்தில் முடிகிற மாதிரி வையுங்கள். கேட்டிலிருந்து ஏணிக்கு நடக்கிறவன் அந்தப் பார்வையைக் குறுக்கே வெட்ட வேண்டும். ஏணியின் அடியையும் கேபினட் கதவையும் அது கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றதை விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் டவர்க்காரர்களுக்கு இன்னொரு தலையிடி உண்டு, பேஸ் ஜம்பர்கள். கட்டடம், அன்டெனா டவர், பாலம், மலை முகடு என்று நாலு வகை இடங்களிலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறவர்கள். நாலிலும் குதித்து முடித்தவருக்கு வரிசை எண் கொடுக்கிற வழக்கம் அமெரிக்காவில் 1981 இல் தொடங்கியது. கோலாலம்பூர் டவரில் அனுமதியோடு விழாவாகவே குதிக்கிறார்கள். அனுமதி இல்லாத டவர்களில் இரவில் ஏறுகிறார்கள். அந்த உயரமான டவர்கள் பல, இழுகம்பி கட்டி நிற்பவை. கம்பியின் நங்கூரங்கள் டவரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும். அவ்வளவு நிலத்தையும் யாரால் காவல் காக்க முடியும்? குதிக்க வருகிறவனும் ஏணிக்குத்தான் வந்தாக வேண்டும். எங்கள் ஊரில் கோரிக்கை கேட்டு ஏறுகிறவனும் வீட்டில் கோபித்துக்கொண்டு ஏறுகிற பொடியனும் அதே ஏணிக்குத்தான் வருகிறார்கள். கால் நிலத்தில் இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

சைரனை மேலே பூட்டுவது

ஊருக்கெல்லாம் கேட்கட்டும் என்று டவரில் உயரத்தில் பூட்டுகிறார்கள். பாதி ஏணியில் நிற்கிறவனின் காதுக்குப் பக்கத்தில் 110 டெசிபல் திடீரென்று அலறினால் கை நழுவும். குதிக்கவென்றே ஏறியவன் அவசரப்படுவான். சைரனும் வெளிச்சமும் கீழே, ஏணியின் அடியில் இருக்கட்டும். ஆள் ஏறிவிட்டான் என்று தெரிந்தால் சைரனை நிறுத்திவிட்டு பொலிஸுக்கு 119க்கும், ஆம்புலன்ஸுக்கு 1990க்கும் அழையுங்கள். கீழே நிற்கிற சனத்தைக் கூச்சல் போட விடாதீர்கள்.

இரட்டைச் சென்சர் போட்டால் எல்லாம் சரி என்று நம்புவது

பிஐஆரோடு, அலை அனுப்பி அசைவைப் பார்க்கிற மைக்ரோவேவும் சேர்ந்த சென்சர் நல்லதுதான். இரண்டும் ஒன்றாகச் சொன்னால்தான் அலாரம் அடிக்கும், வெறும் வெயிலுக்கு ஏமாறாது. ஆனால் மைக்ரோவேவ் கம்பி வேலியை ஊடுருவிப் போகும். காற்றில் ஆடுகிற வேலியும் அதற்கு அசைவுதான். அந்த நேரம் வேலிக்கு வெளியே மாடு நடந்தால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். திசை பிழை என்றால் விலை கூடிய சென்சரும் பிழைதான்.

லைன் முடிவு ரெசிஸ்டரைப் பனலுக்குள் போடுவது

வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பனல் பார்க்க உதவுகிற சின்ன மின்தடை அது. சென்சருக்குள் இருக்க வேண்டும். பனலுக்குள் போட்டால் வழியில் யாரும் வயரை ஷார்ட் பண்ணினாலும் பனலுக்கு எல்லாம் நலம்.

டம்பர் வயரை முறுக்கி விடுவது

பெட்டியை யாரும் திறந்தால் சொல்கிற வயர் அது. முறுக்கி ஒன்றாக்கினால் திறந்தாலும் சொல்லாது. வேண்டாம்.

பெட்டரியைத் தகரப் பெட்டிக்குள் மறந்துவிடுவது

அலாரத்துக்குள் இருக்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பெட்டரி 25 பாகை வெப்பத்துக்குச் செய்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வெயில் படுகிற தகரப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று ஒருநாள் கையை வைத்துப் பாருங்கள். மெயின் கரண்டை நிறுத்திவிட்டுச் சைரனை அடிக்க விட்டுப் பார்த்தால் பெட்டரியின் கதை தெரிந்துவிடும். வோல்ட் மீட்டரில் 13 காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள், சார்ஜரில் இருக்கிற செத்த பெட்டரியும் அதைக் காட்டும்.

வயர் ஓட்டையை அடைக்காமல் விடுவது

பல்லி. எறும்பு. கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும்.

மத்தியானம் மட்டும் நடந்து பார்ப்பது

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியானம் வெளியே இருக்கிற சூடும் எங்கள் தோலின் சூடும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த நேரம் சென்சருக்கு முன்னால் நடந்தால் அதற்கு ஆளே தெரியாது. உடனே கூர்மையைக் கூட்டி வைத்துவிட்டு வருகிறார்கள். இரவில் நிலம் குளிர்ந்ததும் நாய் ஓடினாலும் அடிக்கிறது, பிறகு கண்ட்ரோல் ரூமில் பைபாஸ். பொழுது பட்ட பிறகு ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், இரண்டு நேரமும் ஏணி வரை குறுக்காகவும் நேராகவும் நடந்து பாருங்கள். கூர்மையை இரவுக்கு ஏற்ப வையுங்கள். மத்தியானத்தில் குறைகிறதை ஈடுகட்ட, கேபினட் கதவில் காந்தத் தொடுப்பு ஒன்று போடுங்கள். அதற்கு வெயிலும் தெரியாது, மாடும் தெரியாது, கதவு திறந்தால் அடிக்கும்.