மூளைக்காய்ச்சல் ஊசி ஆய்வு: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து அண்ணன் மகள் கூப்பிட்டாள். அவளுடைய பையனுக்கு 14 மாதம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஆய்வில் அவனைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டு, ஒரு கட்டுத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “அத்தை, கையெழுத்துப் போடலாமா?”

போடலாம், போடாமலும் இருக்கலாம். ஆனால் அவள் கேட்ட கேள்விகளில் பாதி, அந்தப் பெயரால் வந்த குழப்பம். தமிழில் எல்லாவற்றையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிவிடுகிறோம். மலேசியாவில் வயதானவர்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் 1998, 1999-இல் நடந்ததுதான் நினைவுக்கு வரும்: பன்றிப் பண்ணைகள், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்தது, கடைசியில் நிப்பா என்று தெரிந்தது. அவை மூளையையே தாக்கும் வைரஸ்கள். இந்த ஆய்வு, மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றியது. ஹிப், நியூமோகாக்கஸ் கிருமிகளும் அதே சவ்வைத் தாக்கும். அவற்றுக்கு அரசாங்கக் கிளினிக்கில் போடும் ஊசிகளிலேயே பாதுகாப்பு உண்டு. மெனிங்கோகாக்கஸ் அந்த அட்டவணையில் இல்லை. உம்ரா, ஹஜ் போகிறவர்கள் போட்டுக்கொள்வது இதற்கான ஊசிதான். ஆகவே “புத்தகத்தில் எல்லா ஊசியும் போட்டாச்சே” என்று ஒதுக்கிவிடுவது தவறு. மெனிங்கோகாக்கஸிலேயே பல வகை உண்டு; எந்த வகைக்கு எதிரான ஊசி என்று கேட்காமல் விடுவதும் தவறு. ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்குக்கும் சேர்த்து ஓர் ஊசி, பி வகைக்குத் தனி ஊசி என்பதுதான் சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கம்.

“பெரியவர்களுக்குப் போட்டு நல்லா இருக்கே, பிள்ளைகளிடம் ஏன் தனியாகச் சோதிக்கணும்?” என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கிருமிக்கு வெளியே ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. பழைய ஊசிகளில் அந்தச் சர்க்கரை மட்டுமே இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே உடம்பு அதைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. பிற்பாடு அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்த பிறகுதான் சின்னப் பிள்ளைகளிடமும் அது வேலை செய்தது. அதனால் பெரியவர்களிடம் கிடைத்த முடிவை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது. பெரியவர்களிடம் முதலில் பார்த்து, படிப்படியாக வயதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

அடுத்த பயம் பெரியது: பிள்ளைக்கு நோயைக் கொடுத்துப் பார்ப்பார்களா? இல்லவே இல்லை. நோய் அரிது என்பதால், யாருக்கு வருகிறது என்று காத்திருந்தும் முடிவு காண முடியாது. ஊசிக்கு முன்பும், சுமார் ஒரு மாதம் கழித்தும் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் அந்த ரத்தத்தின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரை, கிருமியோடு கலந்து பார்ப்பார்கள். நான்கு மடங்கு நீர்த்த பிறகும் அது கிருமியைக் கொன்றால் பாதுகாப்பு இருப்பதாகக் கணக்கு. இங்கிலாந்து 1999-இல் சி வகை ஊசியைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தபோதும் இப்படிப்பட்ட ரத்தச் சோதனையைத்தான் நம்பியது. இது தெரிந்தால், “ஊசி போட்டாச்சு, இனி எதுக்குப் பிள்ளையை அழ வைக்கணும்” என்று இரண்டாவது ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடமாட்டோம். அந்தக் குழாய் ரத்தம் இல்லாவிட்டால் உங்கள் பிள்ளை ஆய்வில் இருந்தும் எதிர்ப்புச் சக்திக் கணக்கில் இல்லை.

நான் அதிகம் சண்டை போட்டது குறிப்பேட்டுக்காகத்தான். ஊசிக்குப் பிறகு ஏழு நாள், காய்ச்சல், வீக்கம், சிவப்பு, எரிச்சல், பசியின்மை எல்லாவற்றையும் அன்றன்றைக்கு எழுதச் சொல்வார்கள். நம் வீடுகளில் புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்து “லேசா சூடுதான்” என்று முடித்துவிடுவோம். ஏழாம் நாள் ராத்திரி உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து எழுதுவது அதைவிட மோசம். தெர்மாமீட்டர் வைத்து எண்ணை எழுதுங்கள். நர்ஸ் வருத்தப்படுவாரே என்று காய்ச்சலை மறைக்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு ஊசி போட்ட இன்னொரு குழுவின் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வரும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எது ஊசியால் வந்தது என்று புரியும்.

பனடோல், அதாவது பாரசிட்டமால், விஷயம் வேறு. காய்ச்சல் வருமுன்பே மருந்து கொடுத்துவிடுவது பல பாட்டிகளின் வழக்கம். சில ஊசிகளில், முன்கூட்டியே கொடுத்த பாரசிட்டமால் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததாக 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே சமயம், பி வகை ஊசி போடும் கைக்குழந்தைகளுக்கு இங்கிலாந்தில் பாரசிட்டமாலைக் கொடுக்கவே சொல்கிறார்கள். எனவே உங்கள் ஆய்வின் விதி என்ன என்று கேட்டு அதன்படி நடங்கள். கொடுத்திருந்தால் நேரத்தோடு எழுதுங்கள். இடையில் வேறு கிளினிக்கில் ஏதாவது ஊசி போட நேர்ந்தாலும் சொல்லிவிடுங்கள்.

முடிவு வந்த பிறகும் சறுக்கல் உண்டு. “90 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புச் சக்தி” என்றால் 90 விழுக்காடு நோய் குறையும் என்று பொருளில்லை. இது ரத்தத்தில் அளந்தது, அவ்வளவுதான். “ஒருவருக்கும் பெரிய பக்கவிளைவு இல்லை” என்பதையும் எத்தனை பேரிடம் என்று கேட்டுப் படிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, 600 பிள்ளைகளில் ஒருவருக்கும் வரவில்லை என்றாலும், 200 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய விளைவு அதில் தற்செயலாகத் தப்பியிருக்க முடியும். அதனால்தான் ஊசி சந்தைக்கு வந்த பிறகும் கண்காணிக்கிறார்கள்.

அப்புறம் கையெழுத்து. சுகாதார அமைச்சின் ஆய்வு நெறிக்குழு போன்ற ஒரு குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது, இவை தாளில் இருக்க வேண்டும். பாதியில் விலகலாம், அதற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் கேளுங்கள்.

ஊசி போட்டுவிட்டோம் என்று அசட்டையாக இருப்பதுதான் எனக்குக் கவலை. எந்த ஊசியும் எல்லா வகைக்கும் காவல் இல்லை. கடும் காய்ச்சல், வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், சில்லிட்ட கைகால், இவற்றோடு தோலில் புள்ளிகள் வந்தால் அவற்றின் மேல் கண்ணாடித் தம்ளரை அழுத்திப் பாருங்கள். மறையாத புள்ளி ஆபத்து. நம் நிறத் தோலில் அது எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள். புள்ளி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளை அப்படிக் கிடந்தால் நேரே அவசரப் பிரிவுக்குத்தான்.